ட்ரேடு சண்டைக்கென்றே செய்த கேம்: அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் 26

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மட்டையைச் சுழற்றும் கேம் இல்லை. பந்தும் வீச முடியாது. திரை முழுக்க எண்கள், பெயர்கள், சம்பளப் பட்டியல், நடுநடுவே ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோடும் உங்கள் ஸ்கௌட் அனுப்பும் அறிக்கை, அவ்வளவுதான். நான் விளையாடுவதை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி ஏதோ ஷிப்மெண்ட் பிரச்சினை என்று நினைத்து, பாவம் என்று காபி வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் ஒரு பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர். யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது, யாரை மைனர் லீக்கில் (பையன்கள் ஆடிப் பழகும் கீழ்மட்ட லீக்) இன்னும் ஒரு வருடம் ஊறவைப்பது, இதுதான் வேலை. மேட்ச் தானாக நடக்கும். வேண்டுமானால் உட்கார்ந்து பார்க்கலாம், நான் பார்ப்பதில்லை.

திருப்பூரில் இருந்துகொண்டு இதை எதற்கு விளையாட வேண்டும் என்று கேட்டால், 2025 நவம்பரில் இருந்து எங்கள் பேக்கரியில் என்ன பேச்சு ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்தது. 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தவனைக் கொடுப்பார்களா என்று ஒரு கட்சி, 37 வயது ஆகப்போகிறது, இப்போது விற்காமல் எப்போது விற்பது என்று இன்னொரு கட்சி. அந்தச் சூடு ஆறுவதற்குள் டிசம்பர் ஏலம் வந்தது. இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14.20 கோடி! டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேசினோம். அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு ஒவ்வொரு குளிர்காலமும் உண்டு. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை மேட்ச் இல்லை, ட்ரேடு வதந்தி மட்டும்தான். வளர்கிற பையனை வைத்துக்கொள்வதா, இல்லை அவனைக் கொடுத்து ஆடிக் காட்டியவனை வாங்குவதா என்று நான்கு மாதம் அடித்துக்கொள்வார்கள். அங்கே அந்தப் பையனுக்கு ப்ராஸ்பெக்ட் என்று பெயர்.

அந்தச் சண்டையைப் பேச்சோடு விடாமல் நீங்களே செய்துபார்க்க ஒரு இடம் வேண்டுமென்றால் அது இந்த கேம்தான். ஜெர்மனிக்காரர் ஒருவர் ஆரம்பித்தது, 1999 முதல் வந்துகொண்டிருக்கிறது. பேஸ்பாலைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத நாட்டில் இருந்து இப்படி ஒன்று வந்ததே நமக்கெல்லாம் ஒரு தைரியம்.

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் 20 முதல் 80 வரை மார்க். அமெரிக்க ஸ்கௌட்டுகள் நிஜமாகவே பயன்படுத்தும் அளவுகோல் இது, 50 என்றால் சராசரி, 80 என்றால் தலைமுறைக்கு ஒருவர். மார்க் இரண்டு வகை: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தால் எவ்வளவு. 19 வயதுப் பையன் இன்றைக்கு 30, நாளைக்கு 65 என்று காட்டும். இந்த "நாளைக்கு" என்பது உங்கள் ஸ்கௌட்டின் கணிப்புதான், உண்மை இல்லை. ஸ்கௌட் மட்டமானவர் என்றால் கணிப்பும் மட்டம். ஸ்கௌட்டிங்குக்குப் பணம் குறைத்தீர்களானால் மங்கலான கண்ணாடி போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறீர்கள். எங்கள் அப்புச்சி கண்ணபுரம் தேருக்குக் கூடுகிற மாட்டுச் சந்தைக்குப் போய்க் கன்று பிடிப்பார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் போனால்தான் நிறம் திரும்பும், அதற்கு முன்பே சுழி பார்த்து, தாயைப் பார்த்து, விற்பவன் மூஞ்சியையும் பார்த்து விலை பேச வேண்டும். பல் சேர்ந்து வண்டி இழுத்துப் பழகிய காளையை வாங்குவதற்கு இத்தனை சாமர்த்தியம் தேவையில்லை, காசு இருந்தால் போதும். இந்த கேமில் ட்ரேடு திரையைத் திறந்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

நான் எடுத்த அணி சிகாகோ ஒயிட் சாக்ஸ். 2024இல் 121 மேட்ச் தோற்றவர்கள், நவீன காலத்தில் அத்தனை தோல்வி யாருக்கும் இல்லை. இந்த அணிக்கும் நம் விவாதத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 2016 டிசம்பரில் தங்கள் நம்பர் ஒன் பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து, அப்போது பேஸ்பாலிலேயே முதல் ப்ராஸ்பெக்ட் என்று கொண்டாடப்பட்ட யோன் மொன்காடாவையும், மணிக்கு 100 மைல் வீசும் மைக்கேல் கோபெக்கையும் இன்னும் இரண்டு பேரையும் வாங்கினார்கள். 2018இல் பாஸ்டன் வேர்ல்டு சீரிஸ், அதாவது லீக்கின் ஃபைனல், ஜெயித்தது, கடைசி ஆளை அவுட் ஆக்கியது சேல். சிகாகோவுக்கு 2020, 2021 இரண்டு வருடம் பிளே ஆஃப் கிடைத்தது, அதிலும் ஒரு சுற்றுகூடத் தாண்டவில்லை, அப்புறம் அந்த 121. மொன்காடா மோசமான ஆட்டக்காரர் இல்லை, ஆனால் ஸ்கௌட்டுகள் சொன்ன உயரத்துக்கு வரவில்லை.

உடனே "பார்த்தாயா, ஸ்டாரைக் கொடுக்கக் கூடாது" என்று சொல்ல முடியாது. 2022இல் வாஷிங்டன் 23 வயது ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது ஊரே திட்டியது. வந்த பையன்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024இல் ஆல் ஸ்டார் (அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்வு), ஜேம்ஸ் வுட்டும் மெக்கென்சி கோரும் 2025இல் ஆல் ஸ்டார். சான் டியேகோவிடம் சோட்டோ இருந்தது ஒன்றரை சீசன்கூட இல்லை, 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் வாஷிங்டன் ஜெயித்ததா? 2025இல் 96 தோல்வி, பிரிவில் கடைசி இடம். போய்ச் சண்டை போடுங்கள்.

சரி, கேமுக்கு வருகிறேன். ஒயிட் சாக்ஸில் லூயிஸ் ராபர்ட் என்று ஒருவர். 2023இல் 38 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர், 2024இல் காயத்தோடு 100 மேட்ச்தான். கொடுப்பதா வைத்துக்கொள்வதா? என் பெரியப்பா பையனோடு இதற்கு நடந்த சண்டை பெரிய சண்டை. அண்ணன் பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர், பேஸ்பால் விதி பாதி தெரியாது, ஆனால் வியாபாரம் தெரியும். "ஏப்பா, கையில இருக்கறதக் குடுத்துப்போட்டு ஆகாசத்துல இருக்கறத வாங்கறயா?" என்றார். "இல்லீங்ணா, காலு நிக்கறதே இல்லீங்ளே அவுனுக்கு" என்றேன். "காலு நிக்காதவனுக்கு எவன் நல்ல வெலை குடுப்பான்? நல்லா ரெண்டு மாசம் ஆடட்டும், அப்பறம் பேசு." சொன்னது அப்படியே சரி, இந்த கேமில் விலை அப்படித்தான் நகர்கிறது. காயத்திலிருந்து வந்தவனை உடனே விற்கப் போனால் அடிமாட்டு விலை கேட்கும், இரண்டு மாதம் நன்றாக அடித்தபின் அதே அணிகள் தானாக வந்து கேட்கும். ஜூலையில் கொடுத்தேன், மூன்று பையன்கள் வந்தார்கள். ஒருவன் தேறினான், ஒருவனுக்குத் தோள்பட்டை போனது, மூன்றாமவன் இன்னும் மைனர் லீக்கில்தான் இருக்கிறான்.

ஐபிஎல் பார்த்தே பழகியவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட நேரம் ஆகும். பேஸ்பாலில் பையனுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மேஜர் லீக்குக்கு வந்த பையன் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அந்த அணிக்கே சொந்தம், அதில் முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான், 2025இல் அது 7,60,000 டாலர். அதே ஹுவான் சோட்டோ ஆறு வருடம் முடித்து வெளியே வந்தபோது மெட்ஸ் அணி 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. ஆக, நன்றாக ஆடும் பையன் என்றால் மலிவான ஆறு வருடம், அதைத்தான் விற்கிறார்கள் வாங்குகிறார்கள். நம் ஊரில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து பாதி அணியைக் கலைத்துவிடும், ஒருவன் வளர்க்க இன்னொருவன் அறுவடை செய்கிற கதை. வருண் சக்கரவர்த்தியை 2019க்குப் பஞ்சாப் 8.4 கோடி கொடுத்து எடுத்தது, ஒரே ஒரு மேட்ச் ஆடினார், அடுத்த வருடம் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துக்கொண்டு இன்றுவரை அனுபவிக்கிறது. பேஸ்பாலில் பஞ்சாப் அத்தனை சுலபமாக அவரை விட்டிருக்காது. பொறுமைக்கு அங்கே கணக்கு உதைக்காது, இங்கே உதைக்கிறது. அதனால் 14.20 கோடி பற்றி என் அபிப்பிராயம் இந்த கேமை விளையாடிய பிறகு இன்னும் கெட்டுப்போயிருக்கிறது.

வாங்குகிறவர்கள் முதல் நாளே செட்டிங்கில் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் அணிகள் ட்ரேடில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று ஒன்று. அவை அனுபவசாலிகளை விரும்புமா ப்ராஸ்பெக்ட்டுகளை விரும்புமா என்று இன்னொன்று, இதுதான் இந்த கேமின் உயிர். நடுவில் விட்டால் 34 வயது ஆட்களைத் தள்ளிவிட்டு நல்ல பையன்களை வாரிக்கொண்டு வரலாம், இரண்டே சீசனில் சலித்துவிடும். ப்ராஸ்பெக்ட் பக்கம் நன்றாகச் சாய்த்து, கறாரை உச்சத்தில் வையுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு பையனுக்கும் உயிரை எடுப்பார்கள். மூன்றாவது, திறமை எவ்வளவு தாறுமாறாக மாற வேண்டும் என்பது, வழக்கமாக 100இல் இருக்கும். ஏற்றினால் 65 என்று சொன்ன பையன் 40இல் படுத்துவிடுவான், யாருமே கண்டுகொள்ளாதவன் எழுந்துவருவான். நான் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். தைரியம் உள்ளவர்கள் மார்க்கையே மறைத்துவிட்டு ஆடின கணக்கை மட்டும் பார்த்து விளையாடலாம், அது வேறு லெவல்.

இன்னொரு சுகம், பழைய வருடத்துக்குப் போகலாம். 1871 வரைக்கும் இருக்கிறது. நான் 1987க்குப் போய் டெட்ராய்ட் அணியை எடுத்தேன். நிஜத்தில் அந்த ஆகஸ்டில் அவர்கள் 36 வயது பிட்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்க, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்தார்கள். பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்; அலெக்சாண்டர் வந்து 9 ஜெயித்து ஒன்றுகூடத் தோற்கவில்லை, டெட்ராய்ட் கடைசி நாளில் பிரிவைத் தட்டியது, அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் உதை வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது), ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். எல்லோரும் சிரிக்கிற ட்ரேடு இது. என் டெட்ராய்ட்டில் நான் ஸ்மோல்ட்ஸைக் கொடுக்கவில்லை, செப்டம்பரில் பிட்சிங் ஓட்டாண்டியாகி மூன்றாவது இடம். அதன்பிறகு அந்த ட்ரேடைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன், அந்த ஒரு இலையுதிர்காலம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இனிக் குறைகள். எழுத்து பொடிப்பொடி, 14 அங்குல லேப்டாப்பில் கண் வலிக்கும், பெரிதாக்க வழி இருந்தும் பெரிதாக்கினால் பட்டியல் பாதி வெளியே போய்விடுகிறது. ஒரு காரியத்துக்கு நான்கு மெனு. புதிதாக வருபவருக்குச் சொல்லித்தருகிற பாணி ரொம்ப மோசம், பேஸ்பாலே தெரியாதவர் முதல் வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார். மேட்ச் காட்சியும் சுமார் ரகம், பொம்மைகள் சறுக்கி சறுக்கி ஓடும். பெர்ஃபெக்ட் டீம் என்று அட்டை வாங்கும் பகுதி ஒன்று இருக்கிறது, காசு கொடுத்துப் பொட்டலம் பிரிக்கும் சமாச்சாரம், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். கம்ப்யூட்டர் அணிகளின் ட்ரேடு மூளையிலும் ஒரு ஓட்டை உண்டு: நான்கு சுமாரான பையன்களைக் கூட்டிக் கொடுத்தால் ஒரு நல்ல ஆளுக்குச் சமம் என்று ஏமாந்துவிடும். கறாரைக் கூட்டினால் குறைகிறது, போகவில்லை. நிஜ ஜெனரல் மேனேஜர் எவனும் அப்படிச் செய்ய மாட்டான்.

லேப்டாப் பழையதானாலும் ஓடும், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் தேவையில்லை. முழு விலைக்கு வாங்காதீர்கள். வருடா வருடம் புதுப் பதிப்பு வருகிறது, ஒவ்வொரு பதிப்பின் விலையும் பிந்தைய மாதங்களில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் நன்றாகவே இறங்கும். நம் நோக்கம் ட்ரேடு சண்டைதான் என்பதால் ஒரு வருடம் பழைய பதிப்பு கிடைத்தாலும் நஷ்டமில்லை.

ஊர்ப் பெயர் போட்டுச் சொந்தமாக லீக் உண்டாக்கலாம், ஆளுக்கு ஒரு அணி எடுத்து ஆன்லைனிலும் ஆடலாம். நாங்கள் கொங்கு லீக் ஒன்று போட்டிருக்கிறோம்: கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர், கோபி, பல்லடம், நாமக்கல். பல்லடம் அண்ணனுடையது, அணி முழுக்க 33 வயதுக்கு மேற்பட்ட ஆட்கள், இரண்டு கோப்பையும் வாங்கிவிட்டார். கையில் பையன் என்று சொல்ல ஒருவன் இல்லை, கேட்டால் "அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்கிறார். நாமக்கல்லுக்கு ஆள் கிடைக்காமல் கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது, மற்ற ஏழு பேரும் தேய்ந்துபோன பிட்சர்களை அதன் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.