மாலை வகுப்பு, நேரலை வகுப்பு, தொலைநிலைப் பட்டம்: விட்டுப்போன வாரத்தை எது தாங்கும்?

நான் பி.காம். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. கீழக்கரையில் எங்கள் தெருவிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள், எதில் சேர்ந்தாய், எப்போது படிக்கிறாய், எனக்கும் சரிப்படுமா என்று. எல்லாருக்கும் ஏறக்குறைய என் நிலைமைதான். பிள்ளைகளின் வாப்பா வளைகுடாவில், வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள், வயதான மாமி, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு. ஊரிலேயே பெண்கள் கல்லூரி இருக்கிறது, ஆனால் பகலில் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவர்களுக்கு அது உதவாது. ஆக மிஞ்சுவது மாலையும் இரவும்தான்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் மாலையில் டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. கணக்கு வகுப்பில் உட்காருவது ஒன்று. வீட்டில் இருந்தபடியே செல்போனில் கணக்குப் பாட நேரலை வகுப்பு பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், தொலைநிலைக் கல்வியாக பி.காம். படிப்பது. இரண்டாவதில் பணத்தைக் கட்டி, பாதியில் விட்டுவிட்டு மூன்றாவதற்கு வந்தவள் நான். முதலாவதை என் லாத்தா, அதாவது அக்கா, படித்து முடித்தார். அதனால் மூன்றாவதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கட்டணம், தூரம், சான்றிதழ் இதெல்லாம் விசாரித்தாலே தெரிந்துவிடும். டேலி வகுப்பு சில மாதத்தில் முடியும், பட்டம் கிடையாது. நேரலை வகுப்பிலும் பட்டம் கிடையாது, அந்த நிறுவனத்தின் சான்றிதழ் மட்டும்தான். தொலைநிலையில் பட்டம் உண்டு, ஆனால் வருடக்கணக்கில் ஆகும். இதை வைத்து முடிவெடுக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது தப்பு. சேர்வதற்கு முன்னால் யாரும் என்னிடம் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் போனால், எட்டாம் நாள் உங்கள் படிப்பு எங்கே நிற்கும்?

அதற்கு முன் என் மாலை எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதப் போவார்கள். அவர்கள் போனதும் வீடு அமைதியாக இருக்கும், அடுப்பில் ஆணம் (குழம்பு) கொதிக்கும், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம் வீட்டுப்பாடம், சாப்பாடு, மாமிக்கு மாத்திரை. ஒன்பதரை மணிக்கு ஷார்ஜாவிலிருந்து வாப்பாவின் அழைப்பு வரும், அங்கே அப்போது எட்டு மணி, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். பிள்ளைகள் நாள் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பார்கள், அந்த நேரத்தை எந்தப் படிப்புக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்கள் தூங்கியபின் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை இன்னொரு மணி நேரம். ஆக நல்ல நாளில் இரண்டு மணி நேரம், அதுவும் நடுவில் நாலரை மணி நேர இடைவெளியோடு. இந்த இரண்டு துண்டு நேரத்தில் எது அடங்கும் என்பதுதான் கேள்வியே.

ராமநாதபுரம் வகுப்பு இதில் அடங்கவே அடங்காது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, வகுப்பு இரண்டு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். என் லாத்தாவுக்கு மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பு, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வயது, அதனால் அவரால் முடிந்தது. நேரில் போவதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் கையை வைத்து ரசீதைப் பதிந்து, தப்பானால் பக்கத்தில் நிற்பவரிடம் உடனே கேட்கலாம். புத்தகத்தில் மூன்று நாள் முட்டினாலும் புரியாதது அங்கே பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். இன்று எனக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் லாத்தாவைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் அவரே சொன்னார், "ரெண்டு நாள் போகலைன்னா மூணாம் நாள் போர்டுல என்ன இருக்குன்னே தெரியாதும்மா. அடுத்த பேட்ச்ல வந்து உக்காருங்கன்னுட்டாங்க." உட்கார்ந்துதான் முடித்தார். அவருக்கு அந்த அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரலை வகுப்புக்கு வருகிறேன். இதைத்தான் இப்போது எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள், வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு ஏற்றது என்று. நானும் அப்படி நம்பித்தான் 2023-இல் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதத் தவணையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை வகுப்பு. பிள்ளைகளை மாமி பார்த்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று, நடத்திய அம்மாவும் அக்கறையாக நடத்தினார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நவம்பரில் மழை பிடித்தது. சின்னவளுக்குக் காய்ச்சல், அவளுக்குச் சரியானதும் பெரியவனுக்கு. நடுவில் இரண்டு ராத்திரி மின்சாரம் இல்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது வகுப்பு போய்விட்டது. மாமி அப்போது, "படிப்பு ஓடியா போயிரும்? முதல்ல புள்ளையப் பாரு" என்றார். பிள்ளையைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் படிப்பு உண்மையிலேயே ஓடித்தான் போயிற்று.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் பதின்மூன்றரை மணி நேரப் பதிவு. எனக்கு மிச்சமிருப்பது இரவு பத்தரைக்கு மேல் ஒரு மணி நேரம்தான், ஏனென்றால் சாயங்கால மணி நேரத்தை வாராந்தரத் தேர்வும் பயிற்சியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு ராத்திரிகூட விடாமல் பார்த்தால் பதினான்கு நாள் ஆகும். அந்தப் பதினான்கு நாளில் புதிதாகப் பத்து வகுப்பு நடந்திருக்கும். பழைய பாடம் புரியாததால் அந்தப் புது வகுப்புகளில் உட்கார்ந்திருந்தும் பயனில்லை, கணக்குப் பாடம் செங்கல் அடுக்குவது போல, கீழ்வரிசை இல்லாமல் மேல்வரிசை நிற்காது. போதாததற்கு அந்தப் பதிவுகள் சில நாள்தான் திறந்திருக்கும், அப்புறம் மூடிவிடுவார்கள். வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்தால் சான்றிதழ் இல்லை என்று வேறு விதி. மீதிப் பணத்தையாவது திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. அன்று ராத்திரி நான் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை. இத்தனை வருடம் கழித்துத் தொட்ட படிப்பு, மறுபடியும் கை நழுவுகிறதே என்றுதான்.

நான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்த வகுப்பு வாரத்துக்கு ஏழரை மணி நேரம் கேட்கிறது, பயிற்சி தனி. என்னிடம் உள்ள நேரம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டால், தவறியதைப் பிடிக்க நேரம் எங்கிருந்து வரும்? ஒரு வாரம் விட்டால் அந்த ஒரு வாரம் கடைசிவரை கடனாகவே நிற்கும். வட்டியும் ஏறும்.

சரி, தொலைநிலை. இதிலும் அதே கணக்கைப் போட்டேன், இந்த முறை சேர்வதற்கு முன்பே. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நிதிக் கணக்கியல் பாடம் 6 கிரெடிட், அதாவது 180 மணி நேரம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் 3,600 மணி நேரம். அதை மூன்றே வருடத்தில் முடிக்கத் தினம் மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும், என் வீட்டில் அது நடக்காது. ஆனால் முடிக்க ஆறு வருடம் வரை தருகிறார்கள். ஆறு வருடத்துக்குப் பிரித்தால் தினம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். எனக்கு நல்ல நாளில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. சில பாடங்களுக்கு அந்த 30 மணி முழுதாகத் தேவைப்படவில்லை என்பதையும் அனுபவத்தில் பார்த்துவிட்டேன். மூன்று வருடம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மிரண்டு போகிறவர்கள் இந்த ஆறைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அதே காய்ச்சல் வாரத்தை இங்கே வைத்துப் பாருங்கள். இந்த வருடம் ஆகஸ்ட்டில் பெரியவனுக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் புத்தகத்தைத் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது நான் மடித்து வைத்த பக்கம் அப்படியே இருந்தது. என்னை விட்டுவிட்டு யாரும் முன்னால் போய்விடவில்லை. தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும், ஒரு பாடம் தயாராகவில்லை என்றால் அதை மட்டும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு மற்றவற்றை எழுதலாம். முதல் வருடத்தில் பாடம் பாக்கி இருந்தாலும் அடுத்த வருடத்துக்குப் பணம் கட்டிப் பதிந்துகொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மற்ற எல்லாக் குறையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அச்சுப் புத்தகம். மின்சாரம் போனாலும், டவர் போனாலும், அடுப்பங்கரையில் நின்றுகொண்டே நாலு பக்கம் படிக்கலாம். ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார வேண்டியதில்லை, இருபது நிமிடம் கிடைத்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பாடப் புத்தகங்கள் இ-ஞான்கோஷ் என்ற அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சேர்வதற்கு முன் ஒரு பாடத்தை இறக்கிப் பதினைந்து நாள் படித்துப் பாருங்கள், உங்களால் முடியுமா என்று அப்போதே தெரிந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

குறைகளும் இருக்கின்றன. யாரும் விரட்ட மாட்டார்கள். வருகைப் பதிவு இல்லை, எனவே மூன்று வாரம் மூன்று மாதமாவதும் எளிது. தன்னால் உட்கார முடியாதவர்களுக்கு லாத்தா போன வகுப்புதான் நல்லது, அதைச் சொல்லத் தயங்க மாட்டேன். ஆலோசனை வகுப்புகள் விடுமுறை நாட்களில் நடக்கும், கட்டாயம் இல்லை, தூரம் காரணமாக நான் இரண்டே முறைதான் போனேன், அதனால் அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தேர்வு மையம் எனக்கு மதுரையில் அமைந்தது. காலைத் தேர்வு பத்து மணிக்கு, ஆக விடியுமுன்பே பஸ் ஏற வேண்டும், பிள்ளைகளை முந்தின ராத்திரியே உம்மா வீட்டில் விட வேண்டும். டிசம்பரில் மழையோடு இது ஒரு பாடுதான். ஆனால் வருடத்தில் சில நாள் பாடு, வாரம் மூன்று நாள் இல்லை.

அசைன்மென்ட் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட் வழக்கமாக மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். 2025-இல் மார்ச் முழுக்க நோன்பு, மார்ச் 31 பெருநாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, பகலில் வீட்டு வேலை, சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி, வடை, இரவு தராவீஹ் தொழுகை என்று போகும் மாதத்தில் எழுத முடியாது என்று முன்பே தெரிந்ததால், பிப்ரவரியிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். அடுத்த சில வருடங்களுக்கும் நோன்பு பிப்ரவரி, மார்ச், ஜனவரி என்றுதான் வரும், அதனால் நம் ஆட்கள் சேர்ந்தால் பொங்கல் விடுமுறையிலேயே எழுத ஆரம்பித்துவிடுங்கள். கடைசி நாளை நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள்.

தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், 2002-இல் தொடங்கியது, தமிழ்வழிப் பாடங்கள் உண்டு. நான் ஆங்கிலவழியில் பள்ளி முடித்தவள் என்பதால் அங்கே சேரவில்லை, உள்ளே எப்படி என்று எனக்கு அனுபவம் கிடையாது.

வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை. லாத்தா டேலி முடித்த மூன்றாம் மாதமே ஒரு மளிகை மொத்தக் கடையின் கணக்கை வீட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். சீக்கிரம் சம்பாத்தியம் வேண்டும் என்றால் அவர் வழிதான் கிட்ட. எனக்குப் பட்டம் வேண்டும், அதை வைத்து அதற்கு மேலும் படிக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த நீண்ட வழி. பட்டம் கைக்கு வருமுன் டேலியையும் ஒரு விடுமுறையில் கற்றுக்கொள்ள நினைக்கிறேன், லாத்தாவே சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த டிசம்பருக்கு நாலு பாடம் எழுதத் திட்டமிட்டிருந்தேன். அம்மை போட்ட அந்த மூன்று வாரத்தால் ஒன்றை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன், மூன்றை எழுதுகிறேன். மதுரைக்கு லாத்தாவும் துணைக்கு வருகிறார், அவருக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி வாங்க ஏதோ இருக்கிறதாம்.