வீட்டு விலையை யாரிடம் கேட்பது: இணையமா, புரோக்கரா, வங்கியா, மதிப்பீட்டாளரா?

வீட்டை விற்கலாமா, அடமானம் வைக்கலாமா, உடன்பிறந்தவர்களோடு பாகம் பிரிக்கலாமா, எதை யோசித்தாலும் முதலில் நிற்கும் கேள்வி இதுதான்: இன்றைக்கு இது எவ்வளவு போகும்? கேட்க நாலு இடம் இருக்கிறது, நாலும் நாலு எண் சொல்லும். என் வீட்டுக்குக் கேட்டபோது, குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே கிட்டத்தட்ட கால் பங்கு வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை (ஒருவரைத் தவிர, அவரிடம் அப்புறம் வருகிறேன்). ஆளுக்கு ஒரு தேவை, அதற்கேற்ற எண்.

முதலில் இணையக் கணிப்பு. இலவசம், அரை நிமிட வேலை. அக்கம்பக்கத்தில் விற்றுப்போன வீடுகளின் பரப்பளவு, அறைகள், வயது எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்து ஒரு தொகையைத் தருகிறது. ஆனால் அது உங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. மாடி ஒழுகுவதும் தெரியாது, போன வருடம் வயரிங்கை முழுசாக மாற்றியதும் தெரியாது. இந்த வகையில் பேர்போனது அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் 2006-இல் தொடங்கிய ‘ஜெஸ்டிமேட்’. அவர்களே வெளியிடும் கணக்குப்படி, விற்பனைக்கு வந்துவிட்ட வீடுகளில் பாதிக்குப் பிழை சுமார் 2 சதவீதத்துக்குள் அடங்குகிறது. விற்பனைக்கு வராத வீடுகளுக்கு அது சுமார் 7 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்? விற்பனைக்கு வந்த வீட்டில் உரிமையாளர் கேட்கும் விலையும் கணக்குக்குள் போய்விடுகிறது, பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்துப் பரீட்சை எழுதுவது மாதிரி. அதே நிறுவனம் தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் கையைச் சுட்டுக்கொண்டு 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. அதனால் இணைய எண்ணை ஒரு தோராயமாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

அடுத்தது புரோக்கர். இவருக்குத் தெருவே அத்துப்படி, எந்த வீடு ஏன் மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கிறது என்பது வரைக்கும் சொல்வார், இது எந்தக் கணினிக்கும் வராத அறிவு. ஆனால் அவருக்கு உங்கள் வீட்டை விற்கும் வேலை கையில் கிடைக்க வேண்டும். அதனால் சிலர் முதலில் வானளாவ ஒரு விலையைச் சொல்லி நம்மைக் குளிர வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், சில வாரம் கழித்து ‘மார்க்கெட் டல்லா இருக்கு, கொஞ்சம் குறைச்சுக்கலாம்’ என்பார்கள். எனக்குப் பொய் சொன்னவர் இந்த ரகம்தான். இன்னொரு பக்கமும் உண்டு. லெவிட், சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க விற்பனைகளைப் பார்த்தபோது, முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மற்றவர் வீட்டைவிடச் சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்பதும், அதற்காகச் சராசரியாக 9.5 நாள் அதிகம் காத்திருப்பதும் தெரிந்தது. உங்களுக்குப் பெரிய தொகையாக இருப்பது அவர் கமிஷனில் சில்லறைதானே, சீக்கிரம் முடிந்தால் போதும்.

புரோக்கரிடம் போனால் இரண்டு விஷயம். நீங்கள் எதிர்பார்க்கும் விலையை முதலில் வாய்விடாதீர்கள். 1987-இல் அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே வீட்டுக்கு வெவ்வேறு ‘கேட்கும் விலை’யைக் காட்டியபோது அனுபவமுள்ள முகவர்களின் மதிப்பீடும் அந்தப் பக்கமே சாய்ந்தது. அப்புறம், சமீபத்தில் விற்று முடிந்த மூன்று வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் தொங்கும் விலை வேண்டாம், கைமாறிய விலை.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் கட்டணம் நம் தலையில் விழும், ஆனால் அவர் வேலை செய்வது வங்கிக்காக. கடன் திரும்பாவிட்டால் இந்த வீட்டை விற்றுத் தேற்ற முடியுமா என்பதுதான் வங்கிக்கு முக்கியம், அதனால் எண் பெரும்பாலும் அடக்கமாகவே வரும். அதைப் பார்த்து மனசு உடைய வேண்டியதில்லை.

கடைசியாக, நாமே காசு கொடுத்து அமர்த்தும் உரிமம் பெற்ற தனி மதிப்பீட்டாளர். நேரில் வந்து அளப்பார். விற்ற வீடுகளோடு ஒப்பிடுவது, இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்து நிலத்தின் மதிப்பைக் கூட்டுவது, வாடகை வருமானத்திலிருந்து கணக்கிடுவது என மூன்று வழிகளில் பொருந்துவதைப் பயன்படுத்தி, காரணத்தோடு அறிக்கை தருவார். பாகப்பிரிவினை, விவாகரத்து, வரித் தகராறு என்றால் எனக்கு வேறு யோசனையே கிடையாது, இவர்தான். ஆனால் கட்டணத்தை வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள், எண்ணை ஏற்றினால் அவருக்கு லாபம் என்றால் அது என்ன மதிப்பீடு? விசிட்டிங் கார்டை நம்பாமல், உரிமம் கொடுக்கும் அமைப்பின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள்.

இதில் நடக்கும் ஒரு மோசடி: எங்கிருந்தோ ஒருவர் போனில் வந்து, வீட்டைப் பார்க்காமலே நல்ல விலைக்குச் சம்மதிப்பார், ‘ஆனா இந்த ஆளிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி அனுப்புங்க’ என்பார். கட்டணம் போய்ச் சேர்ந்ததும் வாங்குபவரும் காணோம், மதிப்பீட்டாளரும் காணோம். எந்த ஆளிடம் வாங்குவது என்பதை வாங்குகிறவர் அடித்துச் சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

நான் செய்தது: இணையத்தில் தோராயம் பார்த்தேன், மூன்று புரோக்கர்களைத் தனித்தனியாகக் கேட்டேன், இழுபறி வந்த பிறகுதான் மதிப்பீட்டாளருக்குச் செலவு செய்தேன். இன்சூரன்ஸுக்கு மட்டும் இந்த நாலு எண்ணில் எதையும் அப்படியே கொடுக்காதீர்கள். தீப்பிடித்தால் எரிவது கட்டடம்தான், மண் அங்கேயே இருக்கும். அதனால் அங்கே வேண்டியது மறுபடி கட்ட ஆகும் செலவு, அது விற்பனை விலையைவிடக் குறைவாகவும் இருக்கலாம், சில பழைய வீடுகளுக்கு அதிகமாகவும் இருக்கலாம்.