யூபிஎஸ் லோடருக்கு டீம்ஸ்டர்ஸ் சந்தா: மாதம் 52.50 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் கிடங்கில் பார்சல் ஏற்றச் சேருகிறவர் சீக்கிரமே இரண்டு எண்களைச் சந்திப்பார். ஒன்று, மணிக்கு இத்தனை பார்சல் என்று சூப்பர்வைசர் சொல்வது. மற்றொன்று, சம்பளத்தில் பிடிக்கப்படும் சங்கச் சந்தா. யூபிஎஸ் தொழிலாளர்களுக்கான டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் சந்தா என்பது ஒரு மணிநேரக் கூலியைப் போல இரண்டரை மடங்கு, மாதம் ஒரு முறை. 2023 ஒப்பந்தப்படி பகுதிநேரத் தொழிலாளியின் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர். ஆக 52.50 டாலர். மூன்றரை மணிநேர ஷிஃப்டுக்கு வரிக்கு முன் கிடைப்பதே 73.50 டாலர்தான் என்பதால் இது சின்னத் தொகை இல்லை. காப்பீடு, ஓய்வூதியம் இரண்டையும் ஒதுக்கிவைத்து, அந்த முதல் எண்ணின் விஷயத்தில் மட்டும் சங்கம் எவ்வளவு உதவுகிறது என்று இங்கே பார்க்கிறோம். கனடாவில் யூபிஎஸ்ஸுக்குத் தனி ஒப்பந்தம் உண்டு. டொராண்டோ பக்கம் வேலை பார்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தாவில் கிடைப்பவற்றில் மிக முக்கியமானது ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு விஷயம். தேசிய ஒப்பந்தத்தில் லோடருக்கு மணிக்கு இத்தனை பார்சல் என்று எண் எதுவும் எழுதப்படவில்லை. 37ஆம் பிரிவு சொல்வது, நியாயமான கூலிக்கு நியாயமான ஒரு நாள் வேலை. அதை அடுத்தே, தொழிலாளியை மிரட்டவோ, தொல்லைப்படுத்தவோ, நெருக்கவோ, அளவுக்கு மீறி மேற்பார்வை செய்யவோ கூடாது என்றும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் 86.3 சதவீத வாக்குடன் நிறைவேறிய இந்த ஒப்பந்தம் சுமார் 3,40,000 பேருக்குப் பொருந்தும். 2028 ஜூலை 31 வரை செல்லும். சூப்பர்வைசர் சொல்லும் 200, 250, 300 எல்லாம் நிர்வாகத்தின் இலக்கு. நீங்கள் கையெழுத்திட்ட நிபந்தனை அல்ல.

அந்த இலக்கின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சங்கத்தின் உதவி எங்கே தேவைப்படுகிறது என்று புரியும். காலை பிரீலோடில், அதாவது டிரைவர்கள் கிளம்புமுன் வண்டிகளில் பார்சல் ஏற்றும் ஷிஃப்டில், ஒருவருக்கு மூன்று வண்டி, வண்டிக்கு 250 பார்சல் என்று வைத்துக்கொள்வோம். 750 பார்சலை மூன்றரை மணிநேரத்தில் ஏற்ற வேண்டும். 12,600 விநாடியை 750ஆல் வகுத்தால் பார்சலுக்கு 16.8 விநாடி. சராசரி எடை 5 கிலோ என்றாலும் மொத்தம் 3,750 கிலோ கை வழியாகப் போகிறது. இந்தப் பதினேழு விநாடிக்குள் பெல்ட்டிலிருந்து எடுக்கணும், லேபிளைப் படிக்கணும், சரியான வண்டிக்குள் ஏறணும், சரியான தட்டில் வைக்கணும். வண்டிக்குள் தட்டுகள் 1000 முதல் 8000 வரை எட்டுப் பகுதி. லேபிளில் 3417 என்று இருந்தால் அது 3000 தட்டில், 3400க்கு அப்புறம், 3450க்கு முன்னால், முகவரி வெளியே தெரியும்படி உட்கார வேண்டும். பெரிய பெட்டிகள் தரையிலோ பின்கதவுப் பக்கமோ போகும். வரிசை தப்பினால் டிரைவர் தெருவில் நின்று தேடுவார். வண்டியே தப்பினால் அது மிஸ்லோடு.

பெல்ட் ஒரே சீராக ஓடினால் பதினேழு விநாடி போதும். ஆனால் அது அப்படி ஓடுவதில்லை. டிரெய்லர் தாமதமாக வரும். முதல் ஒரு மணிநேரம் பெல்ட் காய்ந்துகிடக்கும், அடுத்த ஒரு மணிநேரத்தில் இரட்டிப்பாக வந்து விழும். முன்தினம் பட்டுவாடா ஆகாத பார்சல்கள் தட்டை அடைத்திருக்கும். லேபிள் ஒட்டப்படாமல் வரும் பெட்டியை முகவரி பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே கடைக்கு நாற்பது பெட்டி வந்தால் அவற்றுக்கு இடம் பண்ணவே நேரம் போய்விடும். மணிக்கு இத்தனை என்ற எண்ணோ மொத்தப் பார்சலைக் கூலி கொடுத்த மொத்த மணிநேரத்தால் வகுத்து வருவது. பெல்ட் நின்ற நேரமும், லேபிள் இல்லாத பெட்டியும் அதற்குத் தெரியாது. எண் குறைந்தது என்று கூப்பிட்டுப் பேசும்போது இந்தக் காரணங்கள் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு போதும். தேதி, பெல்ட் நின்ற நேரம், வந்த வண்டி எண்ணிக்கை, யார் என்ன சொன்னார், இவ்வளவுதான். ஒப்பந்தம் மீறப்பட்டது என்று சங்கம் வழியாகப் போடும் குறைமனு இந்த நோட்டு இல்லாமல் போனால் பாதி தோற்றமாதிரி.

பாரம் சம்பந்தப்பட்ட பாதுகாப்பில் சங்கத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். யூபிஎஸ் ஏற்கும் பார்சலின் உச்ச எடை 150 பவுண்டு, ஏறத்தாழ 68 கிலோ. 1994 வரை அது 70 பவுண்டாக இருந்தது. உயர்த்தியபோது பிப்ரவரியில் டீம்ஸ்டர்ஸ் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது. 70 பவுண்டுக்கு மேற்பட்டதைத் தூக்க உதவி கேட்கலாம் என்ற உரிமை அதன் பலன். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், எல்லா நிலைமையும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கலாம் என்று சொல்லும் வரம்பே 51 பவுண்டு. பளு தூக்குவதற்கான கூட்டரசு விதி 2000இல் வந்து 2001 மார்ச்சில் காங்கிரஸால் ரத்தானது. ஆகவே இந்த விஷயத்தில் லோடருக்குப் பக்கபலம் ஒப்பந்தம்தான்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? பெல்ட்டில் 85 பவுண்டு உடற்பயிற்சிச் சாமான் பெட்டி, கனத்துக்கான எச்சரிக்கை லேபிளோடு வருகிறது. அதை எல்லோருக்கும் தெரியும் இடத்தில், நடைபாதையை மறிக்காமல் இறக்கிவைத்துவிட்டு, "இதுக்கு ஓர் ஆள் வேணும்" என்று கேட்க வேண்டும். ஆள் வர இரண்டு நிமிடம் ஆனால், மணிக்கு 300 என்ற கணக்கில் 10 பார்சல் குறையும். குறையட்டும், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் சூப்பர்வைசரே பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க வருவது உண்டு. நல்லெண்ணத்தில் வந்தாலும், தொழிலாளியின் வேலையைச் சூப்பர்வைசர் செய்யக்கூடாது என்பது 3ஆம் பிரிவு. மீறினால் அந்த வேலைக்கு உரியவர் இரட்டைக் கூலி கேட்டு மனுப் போடலாம். அந்த இடத்தில் இன்னொரு லோடர் தேவைப்பட்டார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இன்னொரு விஷயத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எண் இல்லை என்பதற்காக வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினால் சங்கம் காப்பாற்றாது. நியாயமான வேலை என்ற அதே வரி உங்களையும் கட்டும். நிர்வாகமே கற்றுக்கொடுக்கும் தூக்கும் முறையை அப்படியே பின்பற்றுவதுதான் சரியான வழி: பெட்டிக்கு அருகில் நில், முழங்காலை மடக்கு, அசைத்து எடை பார், எதிரெதிர் மூலையைப் பிடி, இடுப்பைத் திருகாமல் காலை எடுத்துவைத்துத் திரும்பு. ஓடாமல், பெட்டியை எறியாமல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகம். "வேகமா போ" என்றால், "சொல்லிக்கொடுத்த முறையிலதான் செய்றேன், எந்தப் படி தப்புன்னு காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்கலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் தவிர, சொன்னதைச் செய்துவிட்டுப் பிறகு மனுப் போடுவதே விதி. அங்கேயே நின்று மறுத்தால் பேச்சு வேகத்திலிருந்து கீழ்ப்படியாமைக்குப் போய்விடும்.

அலுவலகத்துக்கு அழைத்து விசாரித்தால், அதனால் தண்டனை வரலாம் என்று தோன்றினால், சங்கப் பிரதிநிதி வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும். 1975இல் உச்ச நீதிமன்றம் வைங்கார்ட்டன் வழக்கில் ஏற்ற உரிமை இது. கேட்காமல் உட்கார்ந்து பதில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு அன்றைக்கு இல்லை.

இனிக் குறைகள். முதல் குறை, தகுதிகாண் காலம். எத்தனை நாள் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அது முடியும்வரை வேலையிலிருந்து எடுத்தால் சங்கத்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூச்சு முட்ட ஓடுவதும், முதுகு போவதும் இந்தக் காலத்தில்தான். மேலே சொன்ன பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நாட்களிலேயே அது மிக மெலிந்து இருக்கிறது. இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுவே.

இரண்டாவது, வேகம். குறைமனு முதலில் கட்டடத்தில் பேசப்படும், பிறகு சங்கத்தின் வட்டார அலுவலர் வருவார், தீராவிட்டால் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் குழுவுக்குப் போகும். மாதங்கள் ஓடும். மனுப் போடும் கெடுவோ நாள் கணக்கில்தான். தவறினால் நியாயம் இருந்தும் தோல்வி. நல்ல பிரதிநிதி இருக்கும் கட்டடத்தில் பாதி விஷயம் பெல்ட் ஓரத்திலேயே தீர்ந்துவிடும். இல்லாத கட்டடத்தில் அதே 52.50 டாலருக்கு ஒப்பந்தப் புத்தகம் மட்டுமே துணை. மூன்றாவது, கட்டடத்தையே மூடினால் 37ஆம் பிரிவால் பயனில்லை. 2025இல் 73 கட்டடங்களை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது.

ஒப்பிட்டால், ஃபெட்எக்ஸ் கிரவுண்டில் பார்சல் ஏற்றுவோருக்குச் சங்க ஒப்பந்தம் இல்லை. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரிய கிடங்குகள் வேலை இலக்கை எழுத்தில் தர வேண்டும், உணவு இடைவேளையையும் கழிப்பறையையும் விழுங்கும் இலக்கு செல்லாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பெல்ட் ஓரத்தில் உங்களோடு நிற்க ஓர் ஆளை அது தராது. டெக்சாஸ், ஃபுளோரிடா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் சந்தா கட்டாயமில்லை. கட்டாதவருக்கும் சங்கம் நியாயமாக வாதாடியே ஆக வேண்டும். இருந்தும் கட்டுங்கள் என்பதே எங்கள் கருத்து. பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உறுப்பினருக்குத்தான், பிரதிநிதியின் தரம்தான் இந்தச் சேவையின் தரம்.

தகுதிகாண் காலம் முடிந்து ஆறு மாதமாவது இருக்க நினைப்பவருக்கு இந்தச் சந்தா ஐந்துக்கு நான்கு மதிப்பெண் பெறும். பண்டிகைக் கால வேலைக்கு மட்டும் வருகிறவருக்கு இரண்டுக்கு மேல் சொல்ல முடியாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே தேசிய ஒப்பந்தத்தோடு உங்கள் வட்டார இணைப்பு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, நான்கு இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: தகுதிகாண் நாட்கள், மனுக் கெடு, எச்சரிக்கைக் கடிதம் எத்தனை மாதம் செல்லும், மூன்றரை மணிநேர உத்தரவாதம். கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். வேலை மூன்று மணிநேரத்தில் முடிந்து நீங்களாகவே "கிளம்பட்டுமா" என்று கேட்டுப் போனால் மீதி அரை மணிநேரக் கூலி, 10.50 டாலர், போய்விடும். அவர்கள் அனுப்பினால் மட்டும்தான் உத்தரவாதம். கிளம்புவதற்கு முன் யார் அனுப்பியது என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.