போன் ஸ்டாண்டா, கேபிள் ஆண்ட்ராய்டு ஆட்டோவா, காரின் சொந்த சிம்மா?

எங்கள் குடும்பத்தில் மூன்று கார், மூன்றும் மூன்று விதம். சித்தப்பா காரில் ஸ்கிரீனே கிடையாது, போன் ஸ்டாண்டு மட்டும். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார், கேபிள் போட்டால் ஆண்ட்ராய்டு ஆட்டோ வரும். மச்சான் வாங்கியிருப்பது உள்ளேயே சிம் வைத்த, போன் ஆப்பிலிருந்து ஸ்டார்ட் செய்யக்கூடிய புது ஆட்டோமேட்டிக் வண்டி. தங்கை கார் வாங்கக் கிளம்பியதும் எது நல்லது என்ற பேச்சு காட்பாடி வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அதில் நான் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டாண்டு. செலவு குறைவு, எந்த வண்டிக்கும் பொருந்தும், காருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓட்டுபவரின் கவனம் சிதறாமல் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் மோட்டார் வாகன விதியும் சொல்கிறது. சிக்கல் நம்ம ஊர் வெயில். ஐபோனை 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது, வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது நிழலிலேயே 40 தாண்டும். கண்ணாடிக்குக் கீழே போனை நிறுத்தி, சார்ஜும் போட்டு, மேப்பும் ஓடினால் என்ன ஆகும்? போன மே மாதம் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் சித்தப்பா போனின் வெளிச்சம் தானாகக் குறைந்து, அப்புறம் மேப் அப்படியே நின்றுவிட்டது. ஸ்டாண்டுதான் வேண்டும் என்றால் டேஷ்போர்டில் ஒட்டாமல் ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள், சூடு கொஞ்சம் தணியும்.

ஆண்ட்ராய்டு போனுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்குக் கார்பிளே, இரண்டும் 2014-இல் அறிவிக்கப்பட்டவை. வேலை முழுவதும் போன் செய்கிறது, கார் ஸ்கிரீன் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். போன் கியருக்கு முன்னால் நிழலில் கிடக்கும். புதுப் போன் வாங்கினால் காரின் மேப்பும் வேகமாகிவிடும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போனால்கூட முன்பே இறக்கி வைத்த ஆஃப்லைன் மேப் கைகொடுக்கும். வயர்லெஸ் வசதி பெரிதாக விளம்பரமாகிறது, ஆனால் அதில் போன் சூடாகிறது, பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது. கோடையில் எனக்குக் கேபிள்தான் சரி.

மச்சான் காரை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், பகல் ஒரு மணிக்கு வெளியே வரும்போது, வெயிலில் நின்ற வண்டியில் பத்து நிமிடம் முன்பே ஏசி ஓடிக்கொண்டிருந்தால் அதன் அருமை நோயாளியை அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும். விபத்து நடந்தால் உதவிக்கு அழைக்கும் பட்டன், வண்டி திருடுபோனால் இருக்கும் இடம் காட்டும் வசதி, இதெல்லாம் உண்மையான பயன்கள். சில வருடம் இலவசம், பிறகு சந்தா.

ஆனால் அந்த சிம் கொண்டு போகும் தகவல் எங்கே போகிறது? 2023 செப்டம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் காரின் இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும், சில நேரம் மூன்று விநாடிக்கு ஒருமுறை வரை சேகரித்து, உரிமையாளருக்குச் சரியாகத் தெரிவிக்காமல் விற்றதாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. ஆட்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து விற்கும் நுகர்வோர் அறிக்கை நிறுவனங்கள் வழியாக அது இன்சூரன்ஸ் கம்பெனிகள் வரை போயிருந்தது. அது அங்கே என்று விட்டுவிட முடியாது. ஓட்டும் விதத்தைப் பொறுத்துப் பிரீமியம் வாங்கும் கூடுதல் திட்டங்களுக்கு இங்கேயும் 2022-இலேயே அனுமதி வந்துவிட்டது.

"டோல்கேட்டுல ஃபாஸ்டேக் எல்லாத்தையும் பார்க்குது, இதுல என்னப்பா புதுசா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டோல்கேட்டுக்குத் தெரிவது நான் பள்ளிகொண்டாவைக் கடந்தேன் என்பது மட்டும். ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினேன், எந்த ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை மணி நேரம் நின்றேன், அடுத்த வாரமும் அதே கிழமையில் வந்தேனா என்பது அதற்குத் தெரியாது. வேலூருக்கு வருபவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்காகவே வருகிறார்கள்! இந்த ஊரில் ஒரு வண்டி நிற்கும் இடத்தின் பட்டியல் கிட்டத்தட்ட ஒரு மருத்துவக் குறிப்பு. பெண் பார்க்க வருபவர்களுக்குக்கூட வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று சொல்லத் தயங்குகிற நாம், அதை ஒரு கம்பெனியின் சர்வருக்கு யோசிக்காமல் கொடுக்கிறோம்.

போன் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. கூகுள் மேப்புக்கும் நீங்கள் போகும் வழி தெரியும். ஆனால் போனில் பர்மிஷன் நம் கையில் இருக்கிறது, போன இடங்களைப் பதிந்து வைக்கும் டைம்லைனை நிறுத்தலாம், அழிக்கலாம், வழி தெரிந்த இடத்துக்கு லொகேஷனை அணைத்துவிட்டே போகலாம். மச்சான் வண்டியை டெலிவரி எடுத்த அன்று ஷோரூம் பையன் போனை வாங்கி எல்லாவற்றுக்கும் தானே சம்மதம் கொடுத்துவிட்டுத் திருப்பித் தந்தான். எதற்கெல்லாம் என்று மச்சானுக்கு இன்றுவரை தெரியாது. தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, அதன்படி சம்மதம் தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம். அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்று, எந்த வகைக் காருக்கும். நான் என் காரை வாங்கி முதல்முறை புளூடூத் திறந்தபோது முந்தைய ஓனரின் போன்புக் முழுவதும் ஸ்கிரீனில் வந்தது. அவருடைய அம்மா, பால்காரர், ஒரு டாக்டர். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது, உடனே அழித்தேன். காரை விற்கும் முன் செட்டிங்ஸில் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள், ஆப் இருந்தால் கணக்கிலிருந்தும் வண்டியை நீக்குங்கள்.

தங்கை கடைசியில் சிம் இல்லாத நடு வேரியன்ட்டை எடுத்தாள். கேபிள் போட்டால் மேப் வரும், அது போதும் என்றாள். முதல் நாள் கார் "காண்டாக்ட்ஸ் எடுத்துக்கொள்ளவா?" என்று கேட்டது, வேண்டாம் என்று அழுத்தினாள். புளூடூத்தில் கால் வந்தால் பெயருக்குப் பதில் நம்பர் மட்டும் தெரிகிறது. அம்மா நம்பர் அவளுக்கு மனப்பாடம்.