ஆயில் லைட் எரிந்தால் முதலில் பிரஷர் கேஜ் போடச் சொல்லுங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். சில நூறு ரூபாய் ஸ்விட்ச் ஒன்று கெட்டதற்கு, ஆயில் பம்ப் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 34,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பம்பை மாற்றவே இல்லை. புகார் கொடுக்கப் போகிறேன் என்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை.

அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கோவை கூட்டிப்போய்விட்டு மேட்டுப்பாளையம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், ஏ.சி. ஓடுகிறது, ஏற்றம் முழுக்க செகண்ட் கியர். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றபோது டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கு மினுக்கியது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைகிறது, காலை எடுத்தால் மறுபடி வருகிறது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். கொஞ்சம் ஆறியதும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்துப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டை ஒட்டியே இருந்தது. அடியில் ஒழுகலும் இல்லை. அதற்குமேல் ஓட்டாமல், தெரிந்தவர் சொன்ன ஒரு வொர்க்‌ஷாப்புக்கு போன் செய்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

"ஆயில் பம்ப் போயிருச்சு மேடம். இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிரும்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அதான் லைட் எரியுதே மேடம்."

பானெட்டைத் திறந்ததைத் தவிர அவர்கள் வேறு எதுவும் செய்து பார்க்கவில்லை. இங்கேதான் நாம் எல்லோரும் மாட்டுகிறோம், அதனால் அந்த லைட் எப்படி எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் பிளாக்கில், ஆயில் ஓடும் பாதையில் ஒரு சின்ன ஸ்விட்ச் திருகியிருக்கும். மெக்கானிக்குகள் ஆயில் ஸ்விட்ச் அல்லது பிரஷர் ஸ்விட்ச் என்பார்கள். உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் ஸ்பிரிங்கும் உண்டு. பிரஷர் இல்லாதபோது ஸ்பிரிங் தொடுப்பைச் சேர்த்து வைத்திருக்கும், லைட் எரியும். சாவியைப் போட்டதும் லைட் எரிவது அதனால்தான். ஸ்டார்ட் ஆகி பம்ப் ஆயிலைத் தள்ளியதும் சவ்வு விலகித் தொடுப்பு அறும், லைட் அணையும். பெரும்பாலான கார்களில் இது சுமார் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (பிரஷரை அளக்கும் அலகு) பிரஷரிலேயே நடந்துவிடும். அந்த ஸ்விட்சுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆயில் எவ்வளவு இருக்கிறது, பம்ப் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

மலை ஏறி வந்த வண்டியில் ஆயில் சூடாகி நீர்த்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது பம்பும் மெதுவாகத்தான் சுழலும். பிரஷர் மிகக் குறைவாக இருக்கும் நேரமே அதுதான். அப்போது லைட் மினுக்கினால் பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், ஸ்விட்சே பொய் சொல்லலாம். பிரஷர் நிஜமாகவே குறைவா, ஸ்விட்ச் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான்: ஸ்விட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜைத் திருகி, இன்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலிலும் ரேஸ் செய்தும் பார்ப்பது. அரை மணி நேர வேலை. அந்த வொர்க்‌ஷாப்பில் அதைச் செய்யவில்லை.

வண்டி திரும்பி வந்தபோது லைட் எரியவில்லை. பில்லில் ஆயில் பம்ப், கேஸ்கெட் செட், லேபர், ஆயில் என்று எழுதியிருந்தது. பழைய பம்பைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புல போட்டாச்சு" என்றார்கள். பில்லின் கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. ஆயில் 20டபிள்யூ-50. என் வண்டிக்கு கம்பெனி சொல்வது 5டபிள்யூ-30. கெட்டியான ஆயில் ஊற்றினால் சூட்டிலும் பிரஷர் கொஞ்சம் கூடும், லைட் சில நாள் அடங்கும். கோளாறு அப்படியேதான் இருக்கும். நம் ஊர்க் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கெட்டி ஆயில் இன்ஜினின் மேல்பகுதிக்குப் போய்ச் சேரவும் நேரமாகும். தேய்மானம் அதிகம் நடப்பதே அந்தச் சில நொடிகளில்தான்.

பிறகு ஒரு நாள் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் அதே மினுக்கல். இந்த முறை கொழுந்தனாருக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அந்தத் தம்பி முதலில் ஸ்விட்சின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே ஆயில் ஈரம். சவ்வு கசிந்தால் ஆயில் அந்த வழியாகத்தான் ஒயருக்கு ஏறும் என்றார். ஸ்விட்சைக் கழற்றி கேஜைப் போட்டார். சூட்டில், ஐடிலில் முள் 22 பி.எஸ்.ஐ.யில் நின்றது, ரேஸ் செய்தால் 50-ஐத் தாண்டியது. பம்புக்கு ஒன்றும் இல்லை. அதோடு விடாமல், கழற்றிய ஸ்விட்சை கம்ப்ரஸர் லைனில் மாட்டி, மல்டிமீட்டரை வைத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். தொடுப்பு சேர்ந்திருக்கும்வரை மீட்டர் பீப் அடிக்கும். 5-இல் நிற்க வேண்டிய பீப் சத்தம் 10-இலும் நிற்கவில்லை, 20-இலும் நிற்கவில்லை. 25-ஐத் தாண்டித்தான் நின்றது. அதாவது பிரஷர் 22 இருந்தும் லைட் எரிந்ததற்கு ஸ்விட்ச்தான் காரணம்.

"பம்ப் மாத்துனாங்கன்னு சொன்னீங்கல்ல அக்கா, கீழ வந்து பாருங்க." வண்டியைத் தூக்கி டார்ச் அடித்தார். என் வண்டியில் பம்பை வெளியே எடுக்க சம்பையும் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) முன்பக்கக் கவரையும் இறக்கியே ஆக வேண்டும். சம்ப் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் எங்கள் ஊர்ச் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. ஒன்றைச் சுரண்டினார், கம்பெனி பெயின்ட் புள்ளி உடையாமல் அப்படியே இருந்தது. கவர் ஓரத்து சீலன்ட்டிலும் ஒரு வெட்டு இல்லை. "இதுல ஸ்பேனரே படலீங்க அக்கா" என்றார். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரிஜினல் ஸ்விட்ச் 380 ரூபாய், கூலி 200. மாற்றுவதையும் கூடவே நின்று பார்த்தேன். இன்ஜின் நிற்கும்போது பிரஷர் இல்லாததால் கழற்றினால் சில சொட்டு ஆயில்தான் வருகிறது. புதியதின் மரையில், முனையில் இரண்டு சுற்று விட்டுவிட்டு, கொஞ்சமாக சீலன்ட் தடவினார். டெஃப்லான் டேப் சுற்றக்கூடாதாம். துணுக்கு பிய்ந்து ஆயில் பாதையில் போகும், ஒற்றை ஒயர் ஸ்விட்சுக்கு பாடி வழியாக எர்த் கிடைப்பதும் கெடும். கையால் முழுக்கத் திருகிவிட்டு ஸ்பேனரில் கொஞ்சம்தான் இறுக்கினார், அலுமினியம் பிளாக்கில் மரை போய்விட்டால் பெரிய செலவு என்று. சரியான கிரேடு ஆயிலும் மாற்றிவிட்டேன். அதன் பிறகு மினுக்கல் இல்லை.

இதைப் படித்துவிட்டு, லைட் எரிந்தால் ஸ்விட்ச்தான் என்று நினைத்து யாரும் வண்டியை ஓட்டிவிடாதீர்கள். உண்மையிலேயே பிரஷர் இல்லாவிட்டால் பேரிங் போக நிமிடங்களே போதும். உடனே ஓரங்கட்டி அணையுங்கள், ஆயில் அளவைப் பாருங்கள், கேஜ் போட்டுப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்னொரு மோசடியும் உண்டு என்று அந்தத் தம்பி சொன்னார். பழைய ரக ஒற்றை ஒயர் ஸ்விட்சில் ஒயரைப் பிடுங்கிவிட்டால் லைட் எப்போதுமே எரியாது, சிலர் அதைச் செய்துவிட்டு ரிப்பேர் ஆகிவிட்டது என்று பணம் வாங்குகிறார்களாம். வொர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போது அந்தச் சிவப்பு லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பணம் கொடுக்கும் முன் காரணம் கேளுங்கள்.

புகார் பற்றி விசாரித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். நமக்கு உதகமண்டலத்தில் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பில், படங்கள், மேட்டுப்பாளையம் ஷெட்டில் எழுதி வாங்கிய கேஜ் அளவு எல்லாம் என்னிடம் தயாராக இருக்கின்றன. கடைக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை.

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆயில் பம்ப் மாற்றியதாக பில் வைத்திருப்பவர்கள் வண்டியைத் தூக்கி சம்ப் போல்ட்டை ஒருமுறை பாருங்கள். ஸ்பேனர் படாத மாதிரி தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.