செட்டிநாட்டு போட்டோ கிளப்பில் சேரும் முன்

காரைக்குடி பக்கம் ஒரு டிஜிட்டல் போட்டோகிராபி கிளப், ‘தேர்வு செய்யப்பட்ட சிலருக்கு மட்டும்’ என்று ஆள் சேர்க்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். கூடவே பத்துப் படங்கள். சரி, நல்ல கிளப்பும் படம் பார்த்துத்தான் சேர்க்கும். ஆனால் இவர்கள் கேட்டது ரா கோப்பும் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) முழு அளவு ஜேபெக்கும். “ஒரிஜினலான்னு நடுவர்கள் பார்க்கணும் சார்” என்றார் ஒருங்கிணைப்பாளர். பெரிய போட்டிகளில் ரா கேட்பது உண்டு, அதுவும் கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களுக்கு. முதல் சுற்றுக்கு நீளவாக்கில் 1920 பிக்சல் உள்ள ஜேபெக் போதும். திரையில் பார்க்க அது தாராளம், சுவர் அளவுக்கு பிரிண்ட் போடத்தான் காணாது.

நான் அனுப்பியதில் ஒன்று ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யும் பட்டறையில் எடுத்தது. கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒரு பெரியவர் கரண்டியால் சாயக் குழம்பை ஒவ்வொரு கட்டமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய கட்டைவிரல் நகத்தில் பச்சைச் சாயம் காய்ந்து கிடக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, பழைய வீட்டை ஓட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் வரவேற்பறைச் சுவர் முழுக்க அதே நகம்! என் பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு கிளப்பின் முத்திரையைப் போட்டிருந்தார்கள். மேலாளரைக் குறை சொல்ல முடியாது. “காசு கொடுத்து வாங்கினது சார்” என்று கிளப் கொடுத்த பில்லையே எடுத்துக் காட்டினார்.

அதற்குள் நான் ‘தேர்வாகி’, 6,000 ரூபாய் உறுப்பினர் கட்டணமும் கட்டியிருந்தேன். எனக்குத் தெரிந்து விண்ணப்பித்த எல்லோருமே தேர்வானார்கள். ஒருவர் அனுப்பியதில் பாதிப் படங்கள் ஆடிப்போனவை.

அப்புறம் கானாடுகாத்தான் சுற்றுலா. ‘சிறப்பு அனுமதி’ என்று தலைக்குத் தனியாக வசூல். ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், டிரைபாடை விரித்துத் தூண்களுக்குக் கோணம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த பகுதியான இரண்டாங்கட்டிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்.

“யாருப்பா நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீக?”

ஒருங்கிணைப்பாளர் காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் தரையைப் பார்த்தார். இங்கே ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமைக்காரர்கள், ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். காவல்காரர் கையில் நோட்டைத் திணிப்பதற்குப் பெயர் அனுமதி இல்லை. ஆச்சி எங்களுக்கு மோர் கொடுத்துத்தான் வெளியே அனுப்பினார், அது வேறு விஷயம்.

‘ஃபியாப் அங்கீகாரம்’ என்றும் விளம்பரத்தில் போடுகிறார்கள். ஃபியாப் (FIAP) என்பது சர்வதேச புகைப்படக் கலைக் கூட்டமைப்பு. அதன் ஆதரவில் நடக்கும் ஒவ்வொரு சலூனுக்கும், அதாவது புகைப்படப் போட்டிக்கும், ஓர் எண் உண்டு. எண்ணைக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்கள்.

படத்தை விற்றது பற்றிக் கேட்டபோது, “ஃபார்மில் டிக் அடிச்சீங்களே” என்றார்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலிக்கு எடுத்துக் கொடுத்தால் தவிர, படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். எந்தப் படம், என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த இடத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் 5 வருடம்தான் என்று சட்டமே சொல்கிறது. இதையெல்லாம் எழுதி, ஓட்டல் சுவரிலிருந்து படத்தை அகற்றச் சொல்லிக் கிளப்புக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை, வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் நீக்கிவிட்டார்கள்.

அடுத்த ‘தேர்வு’ அறிவிப்பு இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே படங்களை கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பியிருந்தால் அனுமதியை இன்றே ரத்து செய்துவிடுங்கள். ரா கோப்பை மட்டும் யார் கேட்டாலும் அழிக்காதீர்கள். படம் உங்களுடையதுதான் என்று காட்ட அது வேண்டும். அந்த ஓட்டல் மேலாளர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதே மடிக்கணினியில் ராவைத் திறந்து காட்டிய பிறகுதான்.