ராம்நாடு பக்கம் சீல் கவரில் விற்கிற ட்வைலைட் செட்: வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு, அதிலும் பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். ராம்நாட்டில் கல்யாண மஹாலை வாடகைக்கு எடுத்து, ஆங்கில நாவல்கள் அதிரடித் தள்ளுபடி என்று பேனர் கட்டி விற்கிறார்களே, அந்த மாதிரிக் கடைகளில் ட்வைலைட் (பள்ளிக்கூடப் பெண்ணும் ரத்தக்காட்டேரிப் பையனும் காதலிக்கிற அமெரிக்க நாவல் வரிசை) செட் என்று எதையாவது நீட்டினால் கை நீட்டி வாங்காதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய நாலு புத்தகம், விலை 900 ரூபாய். அச்சில் ஏமாற்று. கதையைப் பற்றிச் சொல்லி விற்கிறார்களே, அதில் அதைவிடப் பெரிய ஏமாற்று.

என் அக்கா மகள் பிளஸ் ஒன். படத்தைப் போனில் பார்த்துவிட்டுப் புத்தகம் வேண்டும் என்றாள். ஒரு பிள்ளை இங்கிலீஷ் புத்தகம் கேட்டால் எங்கள் வீட்டில் யார் வேண்டாம் என்பார்கள்? அக்கா பணத்தைக் கொடுத்து, "நீதானடி லிட்டரேச்சர் படிச்சவ, பாத்து வாங்கிட்டு வா" என்றாள். நான் இப்போது நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், லிட்டரேச்சருக்கு வந்த ஒரே வேலை இதுதான்.

கடையில் நின்ற பையனிடம் உறையைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா எடுத்துக்கணும்க்கா. ஒரிஜினல், இம்போர்ட் ஐட்டம்."

"பதினாறு வயசுப் பிள்ளை படிக்கிற மாதிரி இருக்குமா தம்பி?"

"முத்தத்துக்கு மேல ஒண்ணும் கிடையாதுக்கா. பையன் அவ்வளவு டீசன்ட். அந்தப் பொண்ணைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவான்."

பணத்தைப் போனில் ஸ்கேன் பண்ணித்தான் வாங்கினான். பில் கேட்டதற்கு, சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றான்.

வீட்டில் பிரித்துப் பார்த்தோம். முதல் புத்தகத்தின் அட்டையில் இரண்டு வெளுத்த கைகள் ஒரு சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருக்கும். இதில் ஆப்பிள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. விரல்களுக்கு நடுவே நிழலே இல்லை, கறுப்பு மை அப்பியிருந்தது. தாளைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிகிறது. இரண்டாவது புத்தகத்தை நடுவில் விரித்ததும் ஒரு கொத்துப் பக்கம் கையோடு வந்துவிட்டது. முதுகில் தடவியிருந்த பசை விரலில் ஒட்டியது. நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? மூன்றாவதில் ஒரு ஃபாரம் (சேர்த்துத் தைக்கிற பக்கக் கொத்து) இரண்டு தடவை தைத்திருக்கிறார்கள், அதற்கடுத்த ஃபாரம் இல்லவே இல்லை. நாலாவது, அது 700 பக்கத்துக்கு மேல் இருக்க வேண்டிய புத்தகம், கடைசி அத்தியாயத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது புத்தகத்தில் வெள்ளையாகக் கிடந்த பக்கங்களைக் காட்டியதும் அந்தப் பையன் சிரித்தான். "அக்கா, அந்த புக்ல வெத்துப் பக்கம் வரும்க்கா. நெட்ல போட்டுப் பாருங்க. அது ஸ்டைல்."

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன். இரண்டாவது புத்தகமான நியூ மூன் 2006ல் வந்தது. காதலன் எட்வர்ட் விட்டுவிட்டுப் போனதும் நாயகி பெல்லா பித்துப் பிடித்தவள் போல ஆகிவிடுகிறாள். அதைக் காட்ட ஆசிரியர் ஸ்டெஃபனி மேயர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று பக்கத்துக்கு ஒரு மாதப் பெயரை மட்டும் போட்டு மீதியை வெறுமையாக விட்டிருக்கிறார். படத்திலும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, கேமரா சுற்றிச் சுற்றி வரும், மாதங்கள் போகும். ஆக, பக்கத்தில் மாதத்தின் பெயர் இருந்தால் அது ஆசிரியர் கைவேலை. பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை என்றால் அது பிரஸ்காரன் கைவேலை. எங்கள் பிரதியில் இரண்டும் இருந்தன. அதைத்தான் அவன் சாக்காக வைத்துக்கொண்டான்.

அப்புறம் "விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையைக் கைகாட்டினான். அந்த அட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை என்றே இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. திருட்டு அச்சு தனிக் குற்றம்: 1957 பதிப்புரிமைச் சட்டம் 63வது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னதும் கல்லாவில் இருந்தவர் பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார். நான் வாங்கவில்லை.

இனி அந்த "டீசன்ட்" பையன் கதைக்கு வருகிறேன். கிழிந்தது போக மிச்சம் இருந்ததை நான் உட்கார்ந்து படித்தேன், விட்டுப்போன இடங்களைப் படங்களைப் பார்த்து நிரப்பிக்கொண்டேன். எட்வர்ட் பிறந்தது 1901ல். 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தவனை ரத்தக்காட்டேரி ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் 17 வயது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நிஜத்தில் நூறைத் தாண்டியவன். பெல்லாவுக்கு நிஜமாகவே 17. ராத்திரி அவளுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் ஏறி வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வது இதுதான் போல.

மூன்றாவது புத்தகத்தில் (தைத்த லட்சணத்தில் இந்த இடம் தப்பியிருந்தது) அவள் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவளுடைய வண்டி இன்ஜினைப் பிரித்து ஓடாமல் செய்துவிடுகிறான். அடுத்து, தான் ஊரில் இல்லாதபோது அவளை வீட்டை விட்டு வெளியே விடாமல் பிடித்து வைக்கத் தன் தங்கை ஆலிஸுக்கு போர்ஷே கார் லஞ்சம். நம்ம பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் ஒரு பிள்ளையின் ஸ்கூட்டி பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஊரே கூடி விசாரிக்கும். இதில் அந்தப் பெண் கொஞ்சம் கோபப்படுகிறாள், அப்புறம் சமாதானம் ஆகிவிடுகிறாள். அக்கா மகளிடம் கேட்டேன். "அவ்வளவு பாசம் சித்தி, அவளுக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னுதான்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பதில்தான்.

முத்தத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்றானே, நாலாவது புத்தகத்தில் இருப்பது: 18 வயதில் கல்யாணம், தேனிலவின் முதல் ராத்திரி முடிந்து விடியும்போது உடம்பெல்லாம் கன்றிப்போன காயம், அங்கேயே கர்ப்பம், வயிற்றுக் குழந்தை உதைத்தே விலா எலும்பு முறிகிற கொடுமை. அந்தக் குழந்தை பிறந்ததும் ஜேக்கப்புக்கு அதன்மேல், வளர்ந்ததும் இவள்தான் என் ஜோடி என்கிற மாதிரி ஆயுள் பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. அதே மேசையில் பக்கத்திலேயே ஃபிஃப்டி ஷேட்ஸ் புத்தகத்தையும் அடுக்கியிருந்தார்கள். "இதையும் சேத்து எடுத்தா ஆயிரம்தான்க்கா, இதே மாதிரி கதை" என்றான். அது ட்வைலைட் ரசிகை ஒருவர் அதே ஜோடியை வைத்து எழுதத் தொடங்கி, பிறகு பெயர் மாற்றி வந்தது. முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான புத்தகம். தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிற அப்பாமார்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ரத்தக்காட்டேரிக் கதையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1872ல் வந்த கார்மில்லா, 1897ல் வந்த டிராகுலா இரண்டும் கல்லூரி நாளில் ராத்திரி முழித்திருந்து படித்தவை. அவற்றிலும் பெண் படுத்திருக்கிற அறைக்குள் அது வரும். ஆனால் வருவது ஆபத்து என்று கதைக்குத் தெரியும், டிராகுலாவில் பூண்டுப்பூவைக் கட்டி வைத்துக் காவல் இருப்பார்கள். மேயர் எழுதியதில் அதுவே மாப்பிள்ளை. வெயில் பட்டால் அவர்கள் தோல் மினுங்குமாம், அதனால்தான் அமெரிக்காவில் ஓயாமல் மழை பெய்கிற ஃபோர்க்ஸ் என்கிற ஊரில் ஒளிந்திருக்கிறார்கள். நம்ம தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் போட்டிருந்தால் குடும்பத்தோடு வருஷம் பூராவும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

படங்களும் வஞ்சனை இல்லாமல் காசு பார்த்தன. 2008ல் முதல் படம். கடைசிப் புத்தகத்தை மட்டும் இரண்டாக வெட்டி 2011லும் 2012லும் இரண்டு டிக்கெட் ஆக்கினார்கள். அந்தக் கடைசிப் படத்தில் பனியில் பெரிய சண்டை, தலைகள் பறக்கின்றன, முக்கியமான ஆட்கள் சாகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, இது வருங்காலம் பார்க்கத் தெரிந்த ஆலிஸ் காட்டிய எதிர்காலக் காட்சி, நடக்கவே இல்லை என்கிறார்கள். புத்தகத்தில் அந்தச் சண்டையே கிடையாது. அக்கா மகளே அங்கே "ச்சே" என்று போனை வைத்துவிட்டாள்.

அவளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் போனில் படிப்பாள். வண்டி இன்ஜின் வருகிற பக்கத்தை அவள் சிநேகிதிகளுக்கும் படித்துக் காட்டச் சொன்னேன்; அவர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. ஒருத்தி எட்வர்ட் கட்சியிலிருந்து விலகிவிட்டாளாம்.

1915ல் புகார் பதிந்தாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அதே ஆட்கள் அடுத்துப் பரமக்குடியில் மஹால் பேசியிருப்பதாகக் கேள்வி. ஏற்கெனவே வாங்கியவர்கள் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் போன ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள், ஸ்கேன் பண்ணும்போது கடையின் பெயருக்குப் பதில் தனி ஆள் பெயர் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய புகார் தமிழில்தான் இருக்கிறது, மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.